கந்தகம் கூடினால் உறுதி கூடிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டயர் தயாரிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கந்தகத்தைக் கூட்டக் கூட டயர் உறுதிப்படும் என்று அதில் வரும் ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. ரப்பர் கலவை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

கந்தகம் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே பாலம் போடுகிறது. பாலங்கள் பெருகினால் ரப்பர் கெட்டிப்படும். ஆனால் ஓர் அளவைத் தாண்டினால் கிழிவைத் தாங்கும் திறன் குறைந்துவிடும்.

செயற்கை ரப்பரில் இன்னும் கவனம் வேண்டும். கார் டயரின் தரையைத் தொடும் பகுதியில் பெரிதும் பயன்படும் ஸ்டைரீன் பியூட்டடையீன் ரப்பரில், கந்தகம் வினைபுரிவதற்கான இரட்டைப் பிணைப்புகள் இயற்கை ரப்பரைவிடக் குறைவு. அதனால் 100 பங்கு இயற்கை ரப்பருக்கு ஏறத்தாழ 2.5 பங்கு கந்தகம் சேர்க்கும் இடத்தில், இதற்கு 1.5 முதல் 2 பங்கு போதும். மெதுவாக வேகும், அதாவது சூட்டில் கந்தகத்தோடு மெதுவாக வினைபுரியும் ரப்பர் என்பதால், அந்த வினையை விரைவுபடுத்தும் பொருளான முடுக்கியைத்தான் கூட்ட வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் இயற்கை ரப்பருக்கான அளவையே இதற்கும் போட்டேன். அச்சிலிருந்து எடுத்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. 100 டிகிரி அடுப்பில் 3 நாள் வைத்து இழுத்துப் பார்த்தேன். முன்பு நீண்ட அளவுக்கு நீளாமல் அறுந்தது. அளவுக்கு மேல் வெந்தால் இயற்கை ரப்பர் இளகும். இந்த ரப்பரோ மேலும் மேலும் இறுகும். ஓடும் டயரின் சூட்டிலும் அந்த இறுக்கம் தொடரும்.

கந்தகத்துக்கும் முடுக்கிக்கும் உள்ள விகிதமே பாலத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. கந்தகம் மிகுந்தால் பல கந்தக அணுக்கள் கோத்த நீண்ட பாலங்கள் உருவாகும். அவை ஓயாத வளைவைத் தாங்கும், சூட்டில் சிதையும். முடுக்கி மிகுந்தால் பாலங்கள் குட்டையாகும். சூட்டைத் தாங்கும், வளைவில் சீக்கிரம் களைத்துப்போகும். வலுவூட்டச் சேர்க்கும் சிலிக்கா தூள் கலந்த டயரில் இன்னொரு சிக்கல் உண்டு: சிலிக்கா தன் பரப்பில் முடுக்கியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வேகும் நேரம் நீளும். டைபீனைல் குவானிடின் என்னும் இன்னொரு முடுக்கியைத் துணைக்குச் சேர்ப்பது அதனால்தான்.

துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் இல்லாமல் முடுக்கி சரிவர வேலை செய்யாது. கட்டுரையில் அவற்றின் பெயர்கூட இல்லை.

பள்ளி மாணவர்களும் படிக்கும் இதழ் தங்களுடையது. அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்