வெப்பத்துக்குப் போட்ட ஆழ்துளை, கலங்கிய ஊற்று: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
விருந்தினர் இல்ல உரிமையாளர் (ஓய்வு பெற்ற கணித ஆசிரியை),
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
புவிவெப்பக் கருவிகள் நிறுவும் தங்கள் நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: அனுமதித் தாள் காட்டாமல் மூன்று துளைகள் தோண்டியது, அவற்றை முறைப்படி அடைக்காமல் விட்டது, ஒப்பந்தத்துக்கு மாறான திரவத்தை நிரப்பியது, ஊற்று நீர் கலங்கியது ஆகியவற்றைச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

மூன்று முறை தொலைபேசியில் பேசிவிட்டேன். முதல் முறை "பார்க்கிறோம் மேடம்" என்றார்கள். இரண்டாம் முறை "மேலே சொல்லியிருக்கிறோம் மேடம்" என்றார்கள். மூன்றாம் முறை, யாரிடம் சொன்னார்களோ அவரே வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். ஆகவே இதை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழ்துளையில் இறக்கிய குழாயில் திரவத்தை ஓட்டி, நிலத்தின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி அது. அதில் எனக்குக் குறை இல்லை. மூன்று அறைகளுக்கும் விறகும் மின் கீசரும் வைத்துக் கட்டுப்படியாகாமல்தான் உங்களிடம் வந்தேன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும் என்றீர்கள். மாசி மாதத்துக் காலைக் குளிரில் அறைகள் வெதுவெதுப்பாக இருந்தன, குழாயில் வெந்நீர் வந்தது. விருந்தினர்கள் மெச்சினார்கள். அதற்காகத் தரையில் நீங்கள் போட்ட மூன்று ஓட்டைகளைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

துளையிடும் ரிக் வண்டி வந்தது இரவு இரண்டரை மணிக்கு. மேட்டுப்பாளையம் சாலையில் பகலில் வந்திருந்தால் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்டிருப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. டிஎன் 34 பதிவு எண், திருச்செங்கோட்டு வண்டி. அந்த ஊர் ரிக்குகள் நாடு முழுக்கப் போகின்றன, அதில் தவறில்லை. விடியற்காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்து, ஆட்சியர் அலுவலக அனுமதியின் நகலைக் காட்டச் சொன்னேன். உங்கள் மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே, "அம்மா, இது தண்ணீர் போர் இல்லை, வெப்ப போர். நாங்கள் தண்ணீரே எடுக்கப்போவதில்லை. இதற்கு அனுமதி எதற்கு?" என்றார்.

நீலகிரியில் ஆழ்துளை போடுவதில் மாவட்ட நிர்வாகம் காட்டும் கெடுபிடி இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தண்ணீர் எடுக்காத துளைக்கு அது பொருந்தாது என்ற வாதம் சட்டத்தில் நிற்குமா என்பதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது இந்த மலையின் அமைப்பு. மேலே செம்மண்ணும் மக்கிய பாறையும். அதற்கடியில் சார்னோக்கைட் என்னும் கரும்பாறை. தண்ணீர் நிற்பது அந்த மக்கிய அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான். மழை அங்கே ஊறி, சரிவில் எங்கேயோ ஓர் ஊற்றாக வெளியே வருகிறது. இந்த இரண்டு அடுக்குகளையும் ஒரே நேர்க்கோட்டில் துளைத்துவிட்டு அப்படியே விட்டால், மேலே இருப்பதெல்லாம் கீழே இறங்குவதற்கு வழி போட்டுக் கொடுத்ததாகிறது. துளை எதற்காகப் போடப்பட்டது என்று தண்ணீர் விசாரித்துக்கொண்டா இறங்கும்?

திறந்து விடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறந்ததை அடுத்து 2010-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்களைப் படித்துப் பார்த்தேன். தோண்டுவதற்கு 15 நாட்களுக்கு முன் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தோண்டும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும்; நிறுவனத்தின் முகவரியோடு பலகை வைக்க வேண்டும்; சுற்றிலும் வேலி வேண்டும்; துளையின் மேல்பகுதி இடியாமல் இறக்கும் கேசிங் குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழ் 30 சென்டிமீட்டருமாகக் கான்கிரீட் மேடை வேண்டும்; வாயை மூட வேண்டும்; சேற்றுக் குழிகளை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2015-இல் ஊராட்சிகளுக்கும் தனி விதிகள் வந்தன. இவற்றில் நீங்கள் செய்தது ஒன்றே ஒன்று. வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டுக் கயிற்றால் கட்டினீர்கள். அந்தக் கயிறும் என் மாட்டுக் கொட்டகையில் எடுத்தது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன்.

நீங்கள் போட்டவை ஆறரை இன்ச் விட்டத்தில், முந்நூறு அடி ஆழத்தில் மூன்று துளைகள். உருளையின் கன அளவு எட்டாம் வகுப்புக் கணக்கு. ஒரு துளையின் கொள்ளளவு 1,950 லிட்டருக்குச் சற்று மேல். உள்ளே இறக்கிய 32 மில்லிமீட்டர் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய், போக ஒன்றும் வர ஒன்றுமாக, சுமார் 150 லிட்டர் இடத்தை அடைக்கும். மீதி 1,800 லிட்டரும் கிரவுட் என்னும் அடைப்புக் கலவையால், அடியிலிருந்து மேலாக, தனிக் குழாய் வழியே அழுத்தி நிரப்பப்பட வேண்டும். விலைப்புள்ளியின் ஆறாம் பக்கத்தில் நீங்கள் எழுதியதும் இதைத்தான்: "பென்டோனைட் கலவை கொண்டு முழு ஆழத்துக்கும் அடைக்கப்படும்." பென்டோனைட் தண்ணீரில் உப்பும் களிமண். கலவையின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அது இருந்தால், 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 220 லிட்டர் கலவை வரும். ஒரு துளைக்குச் சுமார் எட்டு மூட்டை, மூன்றுக்கும் குறைந்தது இருபத்து நான்கு மூட்டை தேவை. லாரியிலிருந்து இறங்கியவை ஆறு. அவற்றில் இரண்டு இன்னும் என் விறகுக் கொட்டகையில் தையல் பிரிக்காமல் கிடக்கின்றன. நான்கு மூட்டையில் ஒரு துளையில் பாதிகூட நிறையாது. மிச்சத்தை எதனால் நிரப்பினீர்கள் என்பதை நான் ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டு பையன்கள் துளையிலிருந்து வந்த பாறை மாவையும் சல்லியையும் மண்வெட்டியால் வாரி உள்ளே தள்ளியதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்கவில்லை, அதுதான் முறை என்று நினைத்துவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

இதைச் சொன்னபோது உங்கள் பொறியாளர் ஸ்வீடனைக் காட்டினார். கடினப் பாறை நாடு, அங்கே துளைகளைக் கிரவுட் போடாமலே விடுகிறார்கள் என்றார். உண்மைதான். ஆனால் அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அங்கே கேசிங் குழாய் குறைந்தது 6 மீட்டர் இறங்க வேண்டும், அதிலும் குறைந்தது 2 மீட்டர் கெட்டிப் பாறைக்குள் இறங்க வேண்டும், குழாய்க்கும் பாறைக்கும் இடையே நீர் புகாமல் அடைக்க வேண்டும். மேல்மண்ணின் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. என் வீட்டில் கேசிங்கைப் பாறையின் தலை தட்டுப்பட்டதும் நிறுத்திவிட்டீர்கள். சுற்றிலும் கை நுழையும் இடைவெளி இருக்கிறது. நான் என் கையையே விட்டுப் பார்த்தேன். இரண்டாவது துளை கழிவறையின் உறிஞ்சு குழியிலிருந்து இருபது அடிகூட இல்லை. தள்ளிப் போடுங்கள் என்றதற்கு, வண்டி திரும்ப இடமில்லை என்று ஓட்டுநர் சொன்னார். எங்கே துளையிடுவது என்பதை வண்டியின் வளைவு தீர்மானித்திருக்கிறது.

வெளிநாட்டைக் காட்டினால் முழுவதையும் காட்டுங்கள். ஜெர்மனியில் ஸ்டவ்ஃபன் என்ற சிற்றூரில் 2007-இல் நகர மன்றத்துக்குப் பின்னால் இதே வேலைக்கு ஏழு துளைகள், 140 மீட்டர் ஆழம் போட்டார்கள். நிலத்தடி நீர் அடியிலிருந்த ஓர் அடுக்கில் புகுந்தது. தண்ணீர் பட்டதும் அது ஜிப்சமாக மாறி உப்பியது. ஊரே மெல்ல எழும்பி நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டது. எங்கள் பாறை உப்பும் பாறை அல்ல, அந்தப் பயம் எனக்கில்லை. ஆனால் இந்தச் சரிவுகளுக்குள் தண்ணீர் போகும் வழியை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்தவள் நான்.

ஊற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கீழே, தேயிலை முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் கல் கட்டிய ஊற்று ஒன்று உண்டு. கீழே உள்ள ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, குடிநீர் அதுதான். ரிக் போன மூன்றாம் நாள் காலை கீழ் வீட்டு அம்மா எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். எதுவும் பேசவில்லை. குடத்தைத் திண்ணையில் வைத்து, தெளியட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து மெல்லச் சாய்த்து மேல் தண்ணீரை வடித்தார். அடியில் விபூதி கரைத்தாற்போல் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிற மாவு. "டீச்சர், மாசி மாதத்தில் மழையே இல்லை. இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். மாணவர்களுக்கு நாற்பது ஆண்டுகளாக விடை சொன்ன எனக்கு அன்று வாய் வரவில்லை.

கோடையில் விருந்தினருக்குத் தண்ணீர் போதுமா என்று பார்ப்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் அந்த ஊற்றில் பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து நாட்குறிப்பில் எழுதி வைப்பது என் வழக்கம். இவ்வாண்டு ரிக் வருவதற்கு ஆறு நாள் முன்பு 41 விநாடி. ரிக் போன பத்தாம் நாள் 1 நிமிடம் 25 விநாடி. பதினாறு நாளில் மழையின் குறைவு இவ்வளவு செய்யாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி கொடுத்திருக்கிறேன். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500-இல் கலங்கலுக்கு ஏற்கத்தக்க அளவு 1 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு), வேறு நீர் கிடைக்காவிட்டால் 5. அந்தக் குடத்துக்கு அளவுகோலே தேவையில்லை.

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத விஷயம். குழாய்க்குள் ஓடும் திரவம். ஒப்பந்தத்தில் உணவுத் தரப் புரோப்பிலீன் கிளைக்கால் என்று இருக்கிறது. உங்கள் ஆள் கொண்டுவந்து ஊற்றியது வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைத் திரவம். கேனில் எத்திலீன் கிளைக்கால் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. காலிக் கேன் என்னிடம் இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்தில் கலந்து குழந்தைகளைக் கொன்ற டை எத்திலீன் கிளைக்கால் இதன் பங்காளி. சரி, உறையாமல் இருக்க ஏதோ ஒன்று வேண்டாமா என்பீர்கள். வேண்டியதே இல்லை. உறைபனி புல்லின் மேல் விழுகிறது, முந்நூறு அடிக்குக் கீழே விழுவதில்லை. தரைக்கடியில் ஆண்டு முழுவதும் 16, 17 டிகிரி இருக்கும் என்று விலைப்புள்ளி கொடுக்க வந்த அன்று உங்கள் பொறியாளரே படம் போட்டுக் காட்டினார். அந்த வெப்பநிலையில் வெறும் தண்ணீரே ஓடலாம். குளிர் நாட்டுக் கையேட்டை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பார்த்து எழுதும் பிள்ளைகள் கேள்வி மாறியதைக் கவனிப்பதில்லை.

அதோடு, அழுத்தமானி 2 பாரிலிருந்து மூன்று வாரத்தில் 1.2-க்கு இறங்கியது. உங்கள் ஆள் வந்து மறுபடி ஊற்றி நிரப்பிவிட்டுப் போனார். குறைந்தது எங்கே போனது என்று அவரும் யோசிக்கவில்லை, நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அன்றே கருவியை நிறுத்திவிட்டேன்.

ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் "அனுமதிகள் அனைத்தும் நிறுவனத்தின் பொறுப்பு" என்று இருக்கிறது. மொத்தத் தொகை 9,40,000 ரூபாயில் 8,00,000 கட்டிவிட்டேன். மீதி 1,40,000-ஐ, கீழ்க்கண்டவை முடியும் வரை தரப்போவதில்லை.

குழாயில் உள்ள பச்சைத் திரவத்தை முழுவதும் உறிஞ்சி வெளியே எடுத்து, மலைக்குக் கீழே கொண்டுபோய் முறையாக அப்புறப்படுத்துங்கள். என் தேயிலைக்குள் கொட்டக்கூடாது. அழுத்தச் சோதனை செய்து, கசியும் துளை எது என்று கண்டுபிடியுங்கள். உறிஞ்சு குழிக்குப் பக்கத்துத் துளையைத் தவிர மற்ற இரண்டிலும் போட்ட சல்லியை வெளியே எடுத்து அடியிலிருந்து கிரவுட் நிரப்புங்கள். அந்தப் பக்கத்துத் துளையை நிரந்தரமாக மூடுங்கள். இவை எதையும் உரிய அனுமதி வாங்கிய பிறகு, பகலில் செய்யுங்கள். ஒவ்வொரு துளையிலும் எத்தனை அடியில் மண், எத்தனை அடியில் பாறை, எங்கே தண்ணீர் தட்டியது என்ற பதிவேடு எனக்கு எழுத்தில் வேண்டும். ஊற்று நீரில் கிளைக்கால் உண்டா என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கும் செலவு உங்களுடையது. ஊற்று தெளியும் வரை ஹட்டிக்குத் தண்ணீர் லாரியும் உங்கள் செலவே. இதை அவர்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், ஊராட்சி அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இதன் நகலைக் கொடுப்பேன். அனுமதி கேட்காமல் கையெழுத்துப் போட்டவள் என்ற முறையில் என் மீதும் நடவடிக்கை வரலாம், அதை ஏற்றுக்கொள்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்திலும் மனு கொடுப்பேன். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய்.

இத்துடன் ஒப்பந்த நகல், பணம் கட்டிய ரசீதுகள், பச்சைக் கேனின் புகைப்படம், நாட்குறிப்பின் இரண்டு பக்கங்களின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

ஆட்களை அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே தெரிவியுங்கள். கீழ் வீட்டு அம்மாவும் அன்று உடன் இருக்க விரும்புகிறார். குடத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.