அசாந்தி மக்களின் வரலாறும் மரபும்: நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்கத்துக் குடும்பத்தினரே, அனைவருக்கும் என் வணக்கம்.

கானா நாட்டில், அசாந்தி மக்களின் தலைநகரான குமாசியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், நமக்குப் பிழைப்பும் நட்பும் தந்த இந்த மண்ணின் மக்களை ஓராண்டு முழுவதும் முறையாகக் கற்றறிய வேண்டுமென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அதன்படி மாதக் கூட்டங்களும் வெளிப்பயணங்களும் அசாந்தி மக்களின் வரலாறு, பண்பாடு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, மருத்துவ உதவி நிதி ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

நம் படிப்பை அசாந்தி அரசின் புனிதச் சின்னமான தங்க இருக்கையிலிருந்து தொடங்கியது சரியான முடிவு என்றே கருதுகிறேன். டென்கிரா அரசுக்குத் திறை செலுத்திவந்த அகான் இனத்தைச் சேர்ந்த சிறு சிறு குடிகளை ஒன்றுதிரட்டி, 1701ஆம் ஆண்டு ஃபெயியாசேயில் டென்கிரா மன்னன் நிடிம் ஜகாரியை வென்று, அசாந்தி அரசை நிறுவியவர் ஒசெய் டூட்டு. அவருக்குத் துணைநின்ற பூசாரி ஒகொம்ஃபோ அனோச்யே ஒரு வெள்ளிக்கிழமையன்று வானிலிருந்து பொன் இருக்கையை இறக்கி மன்னரின் மடியில் அமரவைத்தார் என்பது மரபு. அதில் மன்னர்கூட அமர்வதில்லை. விழாக்களில் அதற்கென்றே தனி ஆசனம் போடப்படுகிறது. தனித்தனிக் குடிகளாக இருந்தவர்கள் தங்கள் உயிர் மூச்சு அனைத்தும் அந்த ஒரே பொருளில் அடங்கியிருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட நாளில்தான் அவர்கள் ஒரு நாட்டு மக்களானார்கள் என்பதை, கூட்டத்தில் உரையாற்றிய உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் அழுத்தமாகச் சொன்னார். அனோச்யே மண்ணில் ஊன்றிய வாள் என்று காட்டப்படுவது இன்றும் அவர் பெயர் தாங்கிய பெரிய மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கிறது. சிகிச்சைக்காக அங்கே போய்வந்த நம் உறுப்பினர் பலர் அதை இந்த ஆண்டுதான் நின்று பார்த்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மன்னர் ஒபொகு வாரே காலத்தில் இந்த அரசு நாலாபுறமும் விரிந்தது. பொன்னும் கோலா கொட்டையும் மட்டுமல்லாமல், போரில் பிடிபட்டவர்களும் கடற்கரை வணிகர்களுக்கு விற்கப்பட்டார்கள் என்பதை நாம் மறைக்கக்கூடாது. அசாந்தியின் செல்வத்தில் ஒரு பங்கு அடிமை வாணிபத்திலிருந்து வந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி செயற்குழுவில் எழுந்தபோது, சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தோம், அவ்வாறே சொன்னோம்.

ஆங்கிலேயரோடு நடந்த போர்களுக்கு இரண்டு கூட்டங்களை ஒதுக்கியும் நேரம் போதவில்லை. 1824இல் பிரிட்டிஷ் ஆளுநர் சார்லஸ் மெக்கார்த்தி அசாந்திப் படையிடம் தோற்று மாண்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1874 பிப்ரவரியில், பிரிட்டிஷ் தளபதி உல்ஸ்லியின் படை குமாசிக்குள் நுழைந்து அரண்மனையைச் சூறையாடி, வெடிவைத்துத் தகர்த்து, நகருக்குத் தீயிட்டது. ஐம்பதாயிரம் அவுன்ஸ் பொன் தண்டமாகக் கேட்கப்பட்டது. 1896இல் மன்னர் முதலாம் பிரெம்பே போரிட்டிருக்கலாம். ஆனால் நகரமும் இருக்கையும் அழிந்துவிடக்கூடாது என்று போரைத் தவிர்த்தார். அதற்குக் கிடைத்த பரிசு சிறைதான். தாய் யா அச்சியாவுடனும் உறவினருடனும் அவர் கடற்கரை ஊரான எல்மினாவுக்கும், பிறகு சியரா லியோனுக்கும், 1900இல் செஷல்ஸ் தீவுக்கும் அனுப்பப்பட்டார்.

அதே 1900இல் ஆளுநர் ஹாட்சன் குமாசிக்கு வந்து, தங்க இருக்கை எங்கே, அதில் தாம் ஏன் அமர்த்தப்படவில்லை என்று கேட்டார். பெரும் படையெடுப்புகள் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது. தலைவர்களிற் பலர் தயங்கி நின்றபோது குமாசிக்கு அருகிலுள்ள எஜிசுவின் ராஜமாதா யா அசாந்தேவா போருக்கு எழுந்தார். ஆளுநரும் அவரது படையினரும் குமாசிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டனர். இறுதியில் போர் தோற்றது, நாடு பிரிட்டிஷ் உடைமையாயிற்று, யா அசாந்தேவா செஷல்ஸில் 1921இல் காலமானார். ஆயினும் எதற்காகப் போர் தொடங்கியதோ அந்த இருக்கை ஆங்கிலேயர் கைக்குக் கிடைக்கவே இல்லை. மன்னரையும் அரண்மனையையும் பொன்னையும் இழந்த ஒரு மக்கள், காட்டில் புதைத்துவைத்த ஒரு பொருளைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததனாலேயே தங்கள் அரசைக் காத்துக்கொண்டார்கள் என்பதே இந்த ஆண்டின் படிப்பில் நான் கண்ட முக்கியமான உண்மை. 1920களின் தொடக்கத்தில் சாலை போட்ட தொழிலாளர்கள் அதைத் தற்செயலாகத் தோண்டியெடுத்து அதன் பொன் அணிகளைத் திருடியபோது, ஊரே துக்கம் காத்தது. குற்றவாளிகளை அசாந்தித் தலைவர்களே விசாரித்தார்கள். அரசாங்கமும் இருக்கையின்மேல் உரிமை கோருவதை விட்டுவிட்டது. செஷல்ஸில் இருந்தபடியே தம் குலத்தின் வரலாற்றை 1907இல் எழுதச்செய்த பிரெம்பே, 1924இல் நாடு திரும்பினார். அவருக்குப் பின் வந்த இரண்டாம் பிரெம்பேயின் காலத்தில், 1935இல், அசாந்திக் கூட்டரசு மீண்டும் அமைந்தது.

பண்பாட்டுப் பகுதியில் மிகுதியான கேள்விகள் எழுந்தது தாய்வழி உரிமை குறித்தே. குழந்தைக்குக் குருதி தாயிடமிருந்தும் ஆன்ம இயல்பு தந்தையிடமிருந்தும் வருகின்றன என்பது இவர்களின் கொள்கை. ஆகவே குலமும் பதவியும் பரம்பரைச் சொத்தும் தாய்வழியே செல்கின்றன. மன்னரின் மகன் மன்னனாவதில்லை, அரச குலமான ஒயோகோ குலத்தின் தாய்வழியில் பிறந்தவரே ஆகமுடியும். அவரை முன்மொழியும் உரிமை ராஜமாதாவுக்கு உரியது, பெரியவர்கள் அதை ஏற்க வேண்டும். 1985இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பங்கை உறுதிசெய்ததையும், அதனால் குடும்பங்களில் இன்றும் எழும் வழக்குகளையும், இங்கே நெடுங்காலம் பணியாற்றிய நம் உறுப்பினர்கள் நேரில் அறிந்தபடி எடுத்துரைத்தார்கள்.

அக்வாசிடாயே விழா நாளில் அசாந்தி மன்னரின் மான்ஹியா அரண்மனைக்குச் சென்றதை எவ்வளவு சொன்னாலும் தகும். நாற்பத்திரண்டு நாட்களுக்கு ஒருமுறை வரும் அந்த ஞாயிற்றுக்கிழமையில், மன்னர் முதலில் முன்னோரின் கருமையேறிய இருக்கைகள் வைக்கப்பட்ட அறைக்குள் சென்று உணவும் பானமும் படைக்கிறார். அதன்பிறகே வெளியே வந்து பெருங்குடையின் கீழ் அமர்ந்து மக்களின் வணக்கத்தை ஏற்கிறார். அடும்பான் முரசுகள் மறைந்த மன்னர்களின் பெயர்களை ஓசையாலேயே அழைப்பதை, மொழி தெரியாத நாமும் நின்று கேட்டோம். அங்கே இருந்த அசாந்தி நண்பர்கள் எந்த முழக்கம் யாரைக் குறிக்கிறது என்று பொறுமையாக விளக்கினார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றியைப் பதிவுசெய்கிறேன்.

போன்வயர் ஊரில் கென்டே என்னும் மரபுத் துணி நெய்வதையும் பார்த்தோம். கையகலமே உள்ள நீண்ட பட்டைகளாக ஆண்கள் நெய்து, பின் அவற்றை ஒட்டித் தைத்து முழு ஆடையாக்குகிறார்கள். இந்தக் கைவினையை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது, நாம் சென்றுவந்த ஆண்டிலேயே நிகழ்ந்தது. நிடோன்சோவில் பாடியே மரத்தின் பட்டையைக் காய்ச்சி எடுத்த சாயத்தில் சுரைக்குடுக்கை அச்சுகளைத் தோய்த்து அடிங்க்ரா துணி அச்சிடுவதைப் பிள்ளைகள் தாங்களே செய்துபார்த்தனர். எஜிசு அருகிலுள்ள பெசெயாசே கோயில், 1980இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அசாந்தி மரபுக் கட்டடங்களில் ஒன்று. அதன் மண்சுவர்ப் புடைப்புச் சித்திரங்கள் மழையால் தேய்ந்துவருவது வருத்தத்துக்குரியது.

இந்த ஆண்டின் பெருநிகழ்வைத் தனியே குறிப்பிட வேண்டும். 1999இல் முடிசூடிய அசாந்தி மன்னர் ஓட்டும்ஃபுவோ இரண்டாம் ஒசெய் டூட்டுவின் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி, 2024 மே மாதம் மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்தில், பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் தந்த 32 பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றில் பல 1874 போரின்போது எடுத்துச் செல்லப்பட்டவை. அமெரிக்காவின் ஃபவ்லர் அருங்காட்சியகம் அதற்கு முன்பே பிப்ரவரியில் ஏழு பொருள்களை நிரந்தரமாகத் திருப்பித் தந்துவிட்டது. லண்டனிலிருந்து வந்தவையோ மூன்றாண்டுக் கடனாக வந்தவை. கொள்ளை போன வீட்டுக்கே அந்தப் பொருளைக் கடனாகக் கொடுப்பது நியாயமாகாது என்பது இதைப் பேசிய கூட்டத்தின் ஒருமித்த கருத்து. என் கருத்தும் அதுவே. அந்தக் காட்சிக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேள்விப்பட்ட பொருள்களை முதன்முறையாகப் பார்த்து நின்ற அசாந்தி முதியவர்களின் முகங்களைக் கண்டவர்கள் வேறு முடிவுக்கு வர இயலாது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று முன்மொழிவுகளை வைக்கிறது. நாட்டுப்புறக் கதைகளின் நாயகனான அனான்சே சிலந்தியின் கதைகளை, அசாந்தி மக்களின் மொழியான ட்வி அறிந்த பெரியவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். பொசும்ட்வி ஏரிக்கும், பொன்னை நிறுக்கப் பயன்பட்ட பழைய எடைக்கற்களை வார்த்தவர்களின் வழிவந்தவர்களிடமும் சென்றுவர வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்போடு ட்வி வகுப்பும் தொடங்க வேண்டும். அதற்கு ஆசிரியர் ஒருவர் மனமுவந்து இசைந்திருக்கிறார். இவற்றையும் இந்த ஆண்டறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்