மெதுவாகப் படி, தம்பி

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
29 நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ ஜெர்மனிக்குக் கால்பந்து ஆடப் போனதிலிருந்து வாட்ஸாப்பில் நான் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தூங்கித் தூங்கிப் படித்த பிள்ளை நீ, இதை எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். எனக்கு அந்த வேகம்தான் வேண்டும்.

புதன்கிழமை நீ கூப்பிட்டபோது இங்கே மத்தியானம், உனக்கு ராத்திரி. "லோன்ல அனுப்பப் பாக்குறாங்கப்பா. தேர்ட் டிவிஷன்" என்றாய். உன் கிளப் உன்னைக் கொஞ்ச காலத்துக்கு வேறொரு கிளப்புக்கு இரவல் கொடுக்கப் பார்க்கிறது. அம்மா போனை வாங்கி, சாப்பிட்டியா என்று கேட்டாள். பாஸ்தா என்றாய். வைத்துவிட்டாய். உன் அம்மா அன்றைக்கு முழுக்க, "வெறும் பாஸ்தாவா, கூட ஏதாவது இருந்துச்சா" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தாள், ஏதோ நான் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிய மாதிரி.

மறுநாள் தேங்க்ஸ்கிவிங். வழக்கம்போல நம் நண்பர்கள் வீட்டில் மட்டன் பிரியாணி. ஒருவர் தட்டோடு வந்து, "பையன் எப்ப சார் டிவில வருவான்?" என்றார். "சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு ரைத்தா எடுக்கப் போய்விட்டேன். தப்பு அவர் மேல் இல்லை. போன வருஷம் நீ கையெழுத்துப் போட்டதிலிருந்து, கோயிலில், ஆபீஸில், மதுரைக்குப் போன போனில் எல்லாம் "பண்டஸ்லிகாவுக்குப் போயிட்டான்", அதாவது ஜெர்மனியின் முதல் டிவிஷனுக்கு, என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். 19 வயதுக்கு உட்பட்டோர் அணி, ரெண்டாவது டீம், வாரத்தில் ஒரு நாள் சீனியர்களோடு டிரெய்னிங் என்றெல்லாம் விளக்கவில்லை. விளக்கினால் சின்னதாகிவிடுமோ என்று பயம். உன் அப்பத்தா தெருவில் எல்லாரிடமும் பேரன் ஜெர்மனிக்காக ஆடுகிறான் என்று சொல்லிவிட்டாள், அது வேறு. நீ புதன்கிழமை "தேர்ட் டிவிஷன்" என்று சொன்னபோது குரல் இறங்கியதே, அதில் பாதி என் வாயால் வந்தது. அதைச் சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

இனி லோன் விஷயம்.

ரிக்கார்டோ பெப்பி நினைவிருக்கிறதா? 2021 கோடையில் நம் வீட்டிலிருந்து கால் மணி தூரத்தில் இருக்கிற டொயோட்டா ஸ்டேடியத்தில் அவன் ஆடியதைப் பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போனாய். எனக்கு அப்போது ஆஃப்சைடே சரியாகப் பிடிபடாது. சூட்டில் பெஞ்சில் உட்கார முடியவில்லை, நீ மட்டும் எழுந்து நின்று கத்தினாய். எல் பாசோ பக்கத்தில் சான் எலிசாரியோ என்கிற சின்ன ஊர்ப் பையன், பெற்றோர் மெக்சிகோக்காரர்கள். 2022 ஜனவரியில், 19 வயது நிறைய இன்னும் சில நாள் இருக்கும்போது, ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் கிளப் அவனை வாங்கியது. நீ அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு மெசேஜ் போட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயும் நானும் அதிகம் பேசவில்லை. ஆக்ஸ்பர்க்கில் அவன் லீக்கில் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஒன்றுகூட. 2 கோடி டாலர் விலைச்சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காருவது எப்படி இருக்கும் என்று இப்போது உனக்குக் கொஞ்சம் தெரியும், உன் விலை வேறாக இருந்தாலும். அங்கிருந்து அவன் நெதர்லாந்தில் குரோனிங்கனுக்கு லோனில் போனான். அந்த அணி கடைசி வரிசையில் தள்ளாடிக்கொண்டிருந்த அணி. அந்த சீசன் முடிவில் தரமிறங்கியே விட்டது. அதில் இவன் லீக்கில் 12 கோல். அப்படியும் நடுவில் கத்தார் உலகக் கோப்பைக்கு அமெரிக்க அணியை அறிவித்தபோது அவன் பெயர் இல்லை. கோல் போட்டுக்கொண்டிருக்கிறவனை விட்டுவிட்டார்கள். 2023இல் நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐன்ட்ஹோவன் கிளப் வாங்கியது. அங்கே லீக் பட்டம் ஜெயித்தான், சாம்பியன்ஸ் லீக்கில் லிவர்பூலுக்கு எதிராக வெற்றி கோல் போட்டான், அதே சமயத்தில் முழங்கால் போய் அந்த சீசனே முடிந்தது. இதைக் கதையாகச் சொன்னால் இனிப்பாக முடிக்கலாம். அவன் வாழ்க்கை அப்படி நிற்கவில்லை, ஏறுகிறது, சறுக்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: அவன் காலில் பந்து திரும்ப ஒட்டியது பெரிய லீக்கில் இல்லை, தோற்றுக்கொண்டிருந்த சின்ன ஊரில்.

நீ லெஃப்ட் பேக். தற்காப்பில் நிற்கிறவன் 90 நிமிஷம் தொடர்ந்து தப்பு செய்து, தானே திருத்திக் கற்றுக்கொள்ள வேண்டியவன் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். அதனால் பெப்பியைவிட கிறிஸ் ரிச்சர்ட்ஸ்தான் உனக்குப் பொருத்தம். அலபாமாப் பையன். நம் ஊர் கிளப்பான எஃப்சி டல்லாஸின் அகாடமிக்கு முதல் தடவை வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஹூஸ்டனில் வேறொரு கிளப்பில் ஆடி, பிறகுதான் இங்கே இடம் கிடைத்தது. 18 வயதில் பயர்ன் மியூனிக். பெயரைக் கேட்டால் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அவன் அங்கே நிஜமாக ஆடியது எங்கே? பயர்னின் ரெண்டாவது டீமில், மூன்றாம் லிகாவில், அதாவது ஜெர்மனியின் அதே தேர்ட் டிவிஷனில். 2019-20இல் அந்த டீம் மூன்றாம் லிகாவையே ஜெயித்தது. ரெண்டாவது டீம் என்பதால் மேலே ஏறவும் முடியாது, விதி அப்படி. ஜெயித்துவிட்டு அதே இடத்தில் நிற்க வேண்டும். பிறகு ஹோஃபன்ஹைமுக்கு லோன், அப்புறம் லண்டனில் கிறிஸ்டல் பேலஸ். இந்த வருஷம் மே 17ஆம் தேதி வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று அடக்கி இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை வாங்கியபோது முழு நேரமும் தற்காப்பில் நின்றான். பேலஸுக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை. நான் இங்கே தனியாகப் பார்த்தேன். சிட்டியின் கோல் அடிக்கிற ஆள் ஹாலண்ட் பக்கம் பந்து போகிறபோதெல்லாம் "உள்ள வா, உள்ள வா" என்று ரிச்சர்ட்ஸுக்கு நான் தமிழில் கத்திக்கொண்டிருந்தேன், உன் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

நம் ஊர்க் கல்யாண வீட்டில் பார்த்திருப்பாயே. முதல் பந்திக்கு இடம் பிடிக்க முடியாமல், கையையும் கழுவிக்கொண்டு, சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் இலை எப்போது மூடுவான் என்று நின்றுகொண்டிருப்பார்கள். உன் கிளப்பில் உனக்கு முன்னால் அந்த இடத்தில் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தன் அந்த ஊர்க்காரன், 26 வயது. அவன் எழுந்திருக்க மாட்டான். இன்னொரு வீட்டில் இலை போட்டுக் கூப்பிடுகிறார்கள். வீடு சின்னது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ உன்னை அமெரிக்க வீரன் கிறிஸ்டியன் புலிசிக்கோடு ஒப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டாய். உன் அறைச் சுவரில் இன்னும் அவன் மஞ்சள் சட்டைப் படம்தான் இருக்கிறது. "அவன் 17 வயசுலயே" என்று நீ ஆரம்பிப்பாய், நான் கணக்குக் காட்டுவேன். 18 நிறையாத பிள்ளையை வேற்று நாட்டு கிளப் பதிவு செய்யக் கூடாது என்பது ஃபிஃபா விதி. ஐரோப்பிய பாஸ்போர்ட் இருந்தால் 16 போதும். பென்சில்வேனியாவில் ஹெர்ஷியில் பிறந்தவனுக்கு அது எப்படிக் கிடைத்தது? தாத்தா குரோஷியாவில் ஓலிப் என்கிற தீவைச் சேர்ந்தவர். அந்த வழியில் குடியுரிமை வாங்கி, 16 வயதில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போனான். அப்பா மார்க்கும் கூடவே போய் அங்கேயே சிறுவர் அணிகளுக்குக் கோச் வேலை பார்த்தார். 17 வயதில் சீனியர் அணி. 20 வயதில் 6.4 கோடி யூரோவுக்குச் செல்சி. உன் தாத்தா பிறந்தது திருமங்கலத்தில், ஓலிப் தீவில் இல்லை. நான் என்ன செய்வேன்? அந்த ரெண்டு வருஷம் உன்னிடம் இல்லாமல் போனதற்கு உன் கால் காரணம் இல்லை, பாஸ்போர்ட்தான். மிசௌரியிலிருந்து போன ஜாஷ் சார்ஜென்டும் அப்படித்தான், 18ஆவது பிறந்தநாள் வரை காத்திருந்து வெர்டர் ப்ரேமனில் கையெழுத்துப் போட்டான்.

இந்த வயசுக் கணக்கு இருக்கிறதே, அதில் எனக்கு எரிச்சல். இங்கே டிவியைப் போட்டால் "மிக இளைய", "மிக இளைய" என்றுதான் கத்துகிறார்கள். போன வருஷம் பிலடெல்பியாவில் கேவன் சலிவன் 14 வயதில் எம்எல்எஸ்ஸில், அதாவது இங்கே அமெரிக்காவின் முதல் லீக்கில், இறங்கினான். 18 ஆனதும் மான்செஸ்டர் சிட்டிக்குப் போவதாக ஒப்பந்தமும் ஆகிவிட்டது. உன் சித்தப்பா உடனே அனுப்பினார்: "அம்மா வழியில பங்களாதேஷ், நம்ம பக்கத்துப் பையன்!" நல்ல பையன், நன்றாக வரட்டும். ஆனால் அவன் உடைத்தது யாருடைய சாதனை? ஃப்ரெடி அடுவுடையது. 2004இல் 14 வயதில் டிசி யுனைடெட்டுக்கு இறங்கியவன். போர்ச்சுகலின் பென்ஃபிகா வாங்கியது. அங்கிருந்து மொனாக்கோ, பெலெனென்சஸ், கிரீஸ், துருக்கி என்று ஊர் ஊராக லோன். லோன் என்றதும் உனக்கு அவன் ஞாபகம்தான் வந்திருக்கும். எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. ஆகையால் ஏஜென்டிடம் ஒன்றைக் கேள்: அந்தக் கோச்சுக்கு உண்மையிலேயே லெஃப்ட் பேக் தேவையா, இல்லை உன் கிளப்புக்கு உன்னை எங்காவது நிறுத்தி வைக்க வேண்டுமா? அந்தக் கோச் உன் ஆட்டத்தை எத்தனை தடவை பார்த்தார்? அவரே உன்னிடம் போனில் பேசுவாரா? பேச மாட்டேன் என்றால் போகாதே. எனக்குக் கால்பந்து தெரியாது, ஆனால் இருபது வருஷம் வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. திரும்பி வர வேண்டும் என்று தோன்றினால் அதையும் சொல். அமெரிக்க வீரன் லாண்டன் டானவன் பதின்வயதில் ஜெர்மனியின் லெவர்குசனுக்குப் போய், ஒட்டாமல், 2001இல் சான் ஹோசேக்குத் திரும்பி வந்தான். கோழை என்று பேசினார்கள். ஆறு எம்எல்எஸ் கோப்பை, நாட்டுக்காக 57 கோல். வீட்டு ஞாபகம் வந்தால் கால் ஓடாது என்பது எனக்குப் புரியும். நான் டெக்சாஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறேன், இது உன் அம்மாவுக்கே தெரியாது. இப்போது தெரிந்துவிடும், இதையும் அவள்தான் தபாலில் சேர்க்கப் போகிறாள்.

செலவுக் கணக்கைப் பற்றி மட்டும் இனிப் பேசாதே. கோடையில் வந்தபோது மேசை டிராயரில் என் பச்சை நோட்டைப் பார்த்துவிட்டாய் என்று தெரியும். கிளப் கட்டணம், ஹூஸ்டன், சான் அன்டோனியோ ஹோட்டல், பெட்ரோல், டல்லாஸ் கப் அன்றைக்கு நீ தொலைத்த புது ஷூ எல்லாம் அதில் இருக்கிறது. அது உன் கடன் நோட்டு இல்லை. நான் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறவன். வீட்டுக்குப் பால் வாங்கியதும் அதே நோட்டில்தான் இருக்கிறது, பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நேற்று வேனை விற்கலாம் என்று சுத்தம் செய்தேன். பின் சீட்டைக் கழற்றி வேக்குவம் போட்டால், கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்து அந்தக் கருப்பு ரப்பர் குருணை வந்துகொண்டே இருக்கிறது. செயற்கைப் புல்லில் ஆடிவிட்டு ஷூவை அங்கேயே உதறுவாயே, அது. சீட் பெல்ட் கொக்கிக்குள்கூட இருந்தது. ஒரு டப்பா நிறைய வந்தது. நீ பதினாறு மாதமாக இந்த வண்டியில் ஏறவில்லை. கோடையில் வந்தபோதும் அம்மாவின் காரில்தான் சுற்றினாய். வேனை இப்போதைக்கு விற்கவில்லை.

ஏஜென்ட் வியாழக்கிழமை பேசுகிறார் என்றாய். ஜனவரியில் வீரர்கள் கிளப் மாறுகிற விண்டோ திறக்கும்வரை அவகாசம் இருக்கிறது, அவசரப்பட்டுத் தலையாட்டாதே. என் அபிப்பிராயம் போ என்பதுதான், மேலே கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் வந்தால். நீ எது சொன்னாலும் கோயிலில் கேட்பவர்களிடம் நான் சரியாகச் சொல்வேன். "மூன்றாம் லிகா, லோன், வாராவாரம் ஆடுகிறான்" என்று. சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பார்சல் வருகிறது. முழங்கால் வரைக்கும் வருகிற கம்பளிக் காலுறை, எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி ரெண்டு டப்பா. சிவப்பு மூடி போட்டது உனக்கு. நீல மூடி உன் அறை நண்பனுக்கு. அதன்மேல் உன் அம்மா ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: இது புரோட்டீன் பவுடர் இல்லை, பாலில் கலக்காதே, சோற்றுக்கு நெய்யோடு.

அன்புடன்,
அப்பா