குடிநீர் அணைப் பயனாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் தவறாமல் கூடியது. போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் எந்தக் கூட்டமும் கலையவில்லை. கலைய வேண்டிய நேரத்தில் கலையாமல் நீண்ட கூட்டங்கள்தான் சில. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கிளம்பும் முன் அவரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

சரி, அணைக்கு வருகிறேன்.

ஆண்டு முழுக்க உறுப்பினர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அணை தாங்குமா?" நிர்வாக அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் "பாதுகாப்பாக உள்ளது" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. சென்ற ஆண்டும் அதே வரிதான் வந்தது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. எதை அளந்து, எப்போது பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்பது அதில் இல்லை, அவ்வளவுதான். ஆகவே செயற்குழு ஒரு முடிவெடுத்தது: இனி உறுதிமொழி கேட்க வேண்டாம், அளவீடுகளைக் கேட்போம், நம்மால் முடிந்ததை நாமே அளந்து எழுதுவோம்.

அணைக்கு வயதாகிவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பயப்படவும் முடியாது, சமாதானம் அடையவும் முடியாது. அமெரிக்காவின் டீட்டன் மண் அணை 1976இல் முதன்முறையாக நீர் நிரப்பும்போதே உடைந்தது. நூறு வயதைத் தாண்டி உறுதியாக நிற்கும் அணைகளும் உலகில் ஏராளம். கரைக்குள் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

நம்முடையது போன்ற மண் அணையில் கசிவு இருப்பது தப்பில்லை. கசியாத மண் அணை கிடையாது. கசியும் நீர் வடிகால் வழியாக ஒழுங்காக அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தால் நல்லதுதான். கவனிக்க வேண்டியது, அதன் அளவு கூடுகிறதா, புது இடத்தில் வருகிறதா, நிறம் மாறுகிறதா என்பதை. நம் அணையின் அடிவாரத்தில் இந்த நீர் வந்து விழும் தொட்டியில், ஓட்டத்தை அளக்க 'வி' வடிவத்தில் வெட்டிய தகடு ஒன்று இருக்கிறது. பாசி படர்ந்து, வெட்டின் ஓரமே தெரியாமல் கிடந்தது. அனுமதி வாங்கி உறுப்பினர்கள் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். புது அளவுகோலும் பொருத்தியாயிற்று.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. தகட்டைப் பார்த்துவிட்டு வருபவர்கள் "கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். 90 பாகை வெட்டில் நீரின் உயரம் 5 செ.மீ. என்றால் நொடிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் ஓடுகிறது. அதுவே 10 செ.மீ. ஆனால் நான்கு லிட்டருக்கும் மேல். உயரம் இரண்டு மடங்கு கூடினால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதனால் விரற்கடை ஏற்றம் என்றாலும் எழுதி வைக்க வேண்டும். பக்கத்திலேயே அன்றைய அணை நீர்மட்டத்தையும் முந்தைய நாட்களின் மழையையும் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீரைக் கசிவு என்று நினைத்துப் பதறுவோம், அல்லது கசிவை மழைத் தண்ணீர் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவோம். இரண்டாவதுதான் ஆபத்து.

அப்புறம் பாட்டில்கள். அளவெடுக்கும்போதெல்லாம் ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து, தேதி ஒட்டி, சங்க அறை ஜன்னலோரம் வைக்கிறோம். மறுநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். தெளிந்த நீர் என்றால் வெறும் கசிவு. தொடர்ந்து கலங்கலாக வந்தால், கரையின் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி மண் போகப் போக உள்ளே குழாய்போல ஒரு பொந்து உண்டாகி, நீர்ப்பக்கத்தை நோக்கி வளரும். டீட்டனில் நடந்தது இந்த உள்ளரிப்புதான். 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் நீர் கண்ணில் பட்டது. நண்பகலுக்குள் 90 மீட்டருக்கும் மேல் உயரமான அணை உடைந்துவிட்டது. 11 பேர் இறந்தார்கள்.

நம் பாட்டில்கள் இந்த ஆண்டு தெளிவாகவே இருந்தன. இடது கரையோரம் ஓர் இடத்தில் மட்டும் கோடையிலும் புல் பச்சையாக நிற்கிறது. காலை வைத்தால் மண் அமுங்குகிறது. அந்த ஈரத்தின் விளிம்பில் பெயின்ட் அடித்த குச்சிகளை நட்டிருக்கிறோம். ஈரம் குச்சிகளைத் தாண்டினால் உடனே தெரியும். சிறுவர்கள் விளையாடப் பிடுங்கிக்கொண்டு போகாமல் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருமுறை நடந்துவிட்டது.

கலிங்கு, அதாவது உபரிநீர் வழிந்தோடும் பாதை, விஷயத்தில் கொஞ்சம் மனக்கசப்பு வந்தது உங்களுக்குத் தெரியும். அணை நிரம்பி வழியும்போது மீன் போய்விடக் கூடாது என்று கலிங்கின் குறுக்கே வலை கட்டி வந்தார்கள். மீன் பிடிப்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் வெள்ளத்தில் அந்த வலையை முதலில் அடைப்பது மரக்கிளையும் ஆகாயத்தாமரையும்தான். அமெரிக்காவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை 1889 மே 31 அன்று உடைந்து, ஜான்ஸ்டவுன் பகுதியில் 2,209 பேர் மாண்டார்கள். அங்கும் மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் தடுப்பு வைத்திருந்தார்கள். குப்பை சேர்ந்து அது அடைத்துக்கொண்டது. கரையின் உச்சியைச் சற்றுத் தாழ்த்தியிருந்தார்கள். அடியில் நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களை அதற்கு முன்பே கழற்றி விற்றிருந்தார்கள். வேறு வழியில்லாத நீர் கரைக்கு மேல் ஏறி வழிந்தது. கான்கிரீட் அணை சிறிது நேரம் தாங்கலாம், மண் கரை தாங்காது.

இதை மீன் பிடிப்பவர்களோடு உட்கார்ந்தே பேசினோம். மழைக்காலம் தொடங்கும் முன் வலையைக் கழற்றிவிடுவது, கலிங்குக்குக் கீழே நீர் அடங்கும் இடத்தில் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. இந்த ஆண்டு சொன்னபடி கழற்றினார்கள், அவர்களுக்கு நன்றி. எல்லாம் வாய்ப்பேச்சாக இருக்கிறது; எழுத்தில் வேண்டும் என்பது என் எண்ணம்.

கலிங்கின் சரிவுத் தளத்தில் கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் செடிகள் முளைத்திருந்தன. அழகாகத்தான் இருந்தன. அந்த இணைப்புகள் வழியாக நீர் அடியில் புகுந்தால் பலகைக்குக் கீழே மண் அரிபடும். 2019 ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தின் டாட்புரூக் அணையில் உபரிநீர்ச் சரிவின் பலகைகள் பெயர்ந்து விழுந்தன. 19ஆம் நூற்றாண்டு அணை அது. ஆனால் பழுதானது 20ஆம் நூற்றாண்டில் சேர்த்த சரிவு. சுமார் 1,500 பேரை வெளியேற்றினார்கள். ஹெலிகாப்டரில் மூட்டைகளைக் கொண்டுவந்து பள்ளத்தை அடைத்தார்கள். வடிவமைப்பே சரியில்லை, பராமரிப்பும் விட்டுவிட்டு நடந்திருக்கிறது என்று விசாரணையில் தெரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நம் செடிகளைப் பிடுங்கியாயிற்று. இணைப்புகளைப் பூசும் வேலை நிர்வாகத்துடையது, இன்னும் தொடங்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அடிமதகு, அதாவது அணையின் அடியிலிருந்து நீரை வெளியேற்றும் வழி. அதன் வால்வைப் பல ஆண்டுகளாக யாரும் திறந்ததில்லை. திறந்தால் மூடாமல் போய், ஊரின் குடிநீர் எல்லாம் ஓடிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கரையில் சந்தேகம் வந்த அன்று நீர்மட்டத்தை இறக்க நமக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். டாட்புரூக்கில் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் பம்புகளைக் கொண்டுவந்து இறைத்தார்கள். நாம் அதை நம்பியிருக்க முடியாது. நீர்ப்பக்கத்தில் தற்காலிகத் தடுப்பு வைத்துவிட்டு வால்வை இயக்கிப் பார்க்க வழி உண்டு. அதைச் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறோம். இன்னொன்று: ஆபத்து என்றதும் மளமளவென்று திறந்துவிடவும் கூடாது. மட்டம் வேகமாக இறங்கினால் உள்சரிவில் ஊறிய மண் ஆதாரம் இழந்து சரியும். ஒரு நாளைக்கு எவ்வளவு இறக்கலாம் என்று பொறியாளர் முன்கூட்டியே கணக்கிட்டு, மதகு அறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

கரைமேல் உள்ள மரங்களை வெட்டச் சொன்னதற்கு நடைப்பயிற்சி செய்பவர்கள் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். இளஞ்செடிகளை எடுத்தாயிற்று. பெரிய மரங்களைத் தொடவில்லை. வெட்டிய மரத்தின் வேர் உள்ளே மக்கினால் அதுவே நீருக்கு வழியாகிவிடும். வேரோடு எடுத்தால் குழியை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். நிபுணர் வந்து பார்க்கும்வரை நிழல் தொடரும்.

வெள்ளக் கணக்கையும் கேட்டிருக்கிறோம். கலிங்கின் அகலம் கட்டிய காலத்து மழைக்கணக்கை வைத்துப் போட்டது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு இரண்டாம் அணை உடைந்தபோது வந்த வெள்ளம், வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வண்டல் படிந்ததால் நம் கொள்ளளவு குறைந்ததைப் பற்றிப் பேசுபவர்கள் பலர்; கலிங்கு போதுமா என்று கேட்பவர்கள் குறைவு.

அணை உடைந்தால் எந்தெந்தத் தெரு மூழ்கும் என்ற வரைபடத்தைத் தர அலுவலகம் மறுத்துவிட்டது. மக்கள் பீதி அடைவார்களாம். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியாதவர்கள்தான் அதிகம் பீதி அடைவார்கள் என்று பதில் எழுதினோம். இதற்கு இன்னும் பதில் இல்லை.

பழுதுபார்க்க ஒப்பந்தம் போட்டாயிற்று என்ற செய்தி வந்ததும் சிலர் இனிப்பு கொடுக்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே இருந்த இரு அணைகளில் விரிசல் இருப்பது 1998இலேயே பதிவானது, ஒப்பந்தமும் போடப்பட்டது, வேலை முடியவில்லை. 2023 செப்டம்பர் புயல் மழையில் இரண்டும் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். நம் ஒப்பந்தத்தில் என்னென்ன வேலை, எந்த மாதத்துக்குள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிவிட்டோம். அது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. முடிந்த வேலைக்கு எதிரே பச்சை மையில் குறியிடுகிறோம்; இதுவரை கைப்பிடிச் சுவர் வெள்ளையடிப்புக்கு மட்டும் குறி விழுந்திருக்கிறது.

இன்றைய கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் வருகின்றன: அடிமதகைச் சோதிக்க நாள் குறிக்கக் கோருவது, மூழ்கும் பகுதி வரைபடத்தைக் கேட்டு மேல்முறையீடு செய்வது, வலை உடன்பாட்டை எழுத்தில் பதிவது. கசிவு அளவீட்டு நோட்டு பின்வரிசை மேசையில் இருக்கிறது. மழைக்காலத்தில் அளவெடுக்க ஆள் போதவில்லை. பெயர் கொடுப்பவர்கள் அதன் கடைசிப் பக்கத்தில் எழுதலாம்.

இப்படிக்கு,
செயலாளர்