கீரை கடை

அன்புள்ள மகள் பூங்கொடிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். தம்பிக்குப் பரீட்சை முடிந்தது. மற்றதைப் போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் மீட்டிங் என்கிறாய். அதனால்தான் கடிதம்.

தெருமுனையில் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள்: 'கீரை கடை'. நடுவில் ஒரு 'க்' போட்டிருந்தால் கீரை விற்கிற இடம். அது இல்லாததால் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிற கட்டளை. இரண்டு வீடு தள்ளி 'தயிர் கடை'. காலையிலிருந்து இருவரும் போகிற வருகிறவர்களையெல்லாம் வேலை ஏவுகிறார்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி வாரத்துக்கு இரண்டு படம் உன்னிடமிருந்து வரும். 'ஏசி அரை வாடகைக்கு' (மீதி அரை யாருக்கு என்று கேட்டிருந்தாய்), 'வாளைப்பழம்' (மீனா, பழமா?), 'இங்கு பஞ்சர் போடப்படும்'. மார்ச் மாதத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

கையால் எழுதிய பலகையில் பிழை வேறு மாதிரி வரும். நூல் அடித்துக் கோடு போட்டு, எழுத்துகளை எண்ணி, 'ணை' போல அகலமானதற்கு ஒன்றரை இடம், 'ர'வுக்கு முக்கால் இடம் என்று கணக்குப் பார்த்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சாக்பீஸால் குறித்த பிறகுதான் பிரஷ்ஷை எனாமலில் தோய்க்க வேண்டும். எண்ணாமல் இடது ஓரத்தில் தொடங்கினால், கடைசி எழுத்து நோஞ்சானாகச் சட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்கும். ஃபிளெக்ஸில் குற்றம் கம்ப்யூட்டருடையது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அதன்பின் கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் தள்ளிக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வசதி இல்லாத பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால், கொம்பு பின்னாலேயே நின்று அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஈமெயிலில் வரும் குப்பை மடல்களும் பலகை மாதிரிதான். 'என் தாமதமான கணவர் விட்டுச்சென்ற பல லட்சம் டாலர்' என்று ஒன்று. ஆங்கிலத்தில் 'லேட்' என்றால் காலமானவர். மெஷின் மொழிபெயர்த்ததில் மனுஷன் இன்னும் வந்துகொண்டேயிருக்கிறார். 'உங்களை மட்டுமே தேர்ந்தெடுத்தோம்' என்று இன்னொன்று. பெறுநர் கட்டத்தில் யார் பெயரும் இல்லை, 'அண்டிஸ்க்ளோஸ்டு ரெசிபியன்ட்ஸ்' என்று மொத்தக் கும்பல். 1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி விற்பனையாளர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதுதான் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி என்பார்கள்.

ஆனால் மோசடி மடல்களில் உள்ள அபத்தம், அனுப்புகிறவர்கள் முட்டாள்கள் என்பதால் வருவதில்லை, பூங்கொடி. 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர் கார்மாக் ஹெர்லி இதை விளக்கினார். அனுப்புவதற்குச் செலவில்லை, பதில் போடுகிறவரோடு பேசிப்பேசி மசிய வைப்பதற்குத்தான் நேரமும் ஆளும் வேண்டும். கதை நம்பமுடியாததாக இருந்தால் சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிவிடுவார்கள். அது ஒரு சல்லடை. இப்போது மெஷினே பிழையில்லாமல் எழுதித் தருகிறது, அதனால் எழுத்துப் பிழையைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கிற நம் வித்தை செல்லாது.

அப்புறம் எதைப் பார்ப்பது? லிங்க்கில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், புள்ளியால் பிரிந்து நிற்கிற கடைசி இரண்டு துண்டுதான் வீட்டுக்காரர். 'கோ டாட் இன்' போல முடிந்தால் மூன்று துண்டு. அதற்கு இடப்பக்கம் வங்கியின் பெயர் நாலு தடவை வந்தாலும் அது வாசலில் மாட்டிய பலகை, அவ்வளவே. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மடலின் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' பார். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று அனுப்பிய இடத்தைச் சரிபார்க்கிற சோதனைகள் மூன்றிலும் 'பாஸ்' இருந்தால், முகவரியில் '@'க்குப் பின்னால் உள்ள தளத்தின் பெயர் போலியில்லை என்று அர்த்தம், அனுப்பியவன் யோக்கியன் என்று அர்த்தமில்லை. பணம் நமக்கு வருவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம்.

டெலிகிராமில் ஓட்டலுக்கு ஸ்டார் போடும் வேலை என்று ஒன்று சுற்றுகிறது. முதலில் 150 ரூபாய் நிஜமாகவே கொடுப்பார்கள். பிறகு 'டாஸ்க்' எடுக்க 1,000 கட்டு, 5,000 கட்டு. திரையில் லாபம் ஏறும். எடுக்கப் போனால் வரி கட்டச் சொல்வார்கள். படித்தவர்களும் இதில் மாட்டுகிறார்கள், சும்மா சொன்னேன்.

யாராவது தெரிந்தவர் மாட்டியிருந்தால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அடிக்கச் சொல். சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. யுபிஐயில் பணம் அனுப்பியதற்கு வரும் 12 இலக்க யுடிஆர் எண், தேதி, தொகை, ஸ்கிரீன்ஷாட் வேண்டும். சாட் மெசேஜ்களை அழிக்கக் கூடாது. நாளாகிவிட்டதென்றாலும் புகாரைப் பதிய வேண்டும். 1930. எழுதி வைத்துக்கொள்.

பிப்ரவரியில் நீ கேட்ட 40,000 கோர்ஸ் ஃபீஸ் என்றாய். எந்தக் கோர்ஸ் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டில் முதல் பட்டதாரி நீ, உன்னிடம் கணக்குக் கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் நாலு மாதமாகப் பேசாமல் இருப்பது என்ன படிப்போ தெரியவில்லை.

மெசேஜை நம்பிப் பணத்தை இழந்த உன் மாமாவுக்கு 'லண்டன் மாமா' என்ற பெயரை அந்தப் பொங்கலன்று வைத்தது நான்தான். தம்பி என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இலையில் உட்கார்ந்திருந்த மனுஷனிடம் அவர் போனை வாங்கி, அந்த மெசேஜை எழுத்துப் பிழையோடு எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நீயும் சிரித்தாய், சின்னப் பிள்ளை, அப்பா சிரித்ததால் சிரித்தாய். அவருக்கு இரண்டாவது தடவையும் பணம் போனது. முதலில் போனதை மீட்டுத் தருகிறோம் என்று வந்தவர்களிடம். அதை அவர் நம் வீட்டில் சொல்லவே இல்லை, மறு வருஷம் அத்தை சொல்லித்தான் தெரியும். மீட்டுத் தருகிறோம் என்று யாராவது ஃபீஸ் கேட்டால் கொடுக்காதே. அதுவும் அதே மாதிரி ஏமாற்று வேலைதான்.

பிழையைப் பார்த்தால் சிரிக்கிற வீட்டில் வளர்த்துவிட்டு, பிழை செய்தால் வந்து சொல் என்று எந்த வாயால் சொல்வது?

அம்மாவுக்கு 40,000 விஷயம் தெரியாது. ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை கோயிலுக்குப் போய்விடுவாள். அந்த நேரம் போன் என் கையில்தான் இருக்கும்.

அப்பா