கிழிந்த கொடியை இறக்குங்கள்: எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் நம் தெருமுனைக் கொடிக்கம்பத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். என்ன விஷயம் என்று உங்களுக்கே தெரியும். மூன்று முறை நேரில் வந்து சொல்லியாகிவிட்டது.

போன ஆகஸ்ட் 15 அன்று ஏற்றிய கொடி இன்னும் இறங்கவில்லை. கடல் காற்று, துறைமுக லாரிப் புழுதி, ஐப்பசி கார்த்திகை மழை எல்லாம் அதன் மேல்தான். காவி வெளுத்துவிட்டது. பச்சையின் ஓரம் நூல் நூலாகத் தொங்குகிறது. குடியரசு தினத்தன்று அதன் கீழே நின்றுதான் மிட்டாய் கொடுத்தீர்கள். தினமும் ஷட்டரைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். பிரிந்த தையலைப் பார்த்துக்கொண்டு ஒரு தையல்காரன் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பான்? வாங்கும்போதே அது கோளாறு. மூன்றுக்கு இரண்டு அளவில் இல்லை, கிட்டத்தட்ட சதுரம். சக்கரத்தில் 24 ஆரங்கள் வேண்டும். நான் எண்ணியபோது 22. சரி, அதை விடுங்கள்.

போன வாரம் பொறுக்காமல் நானே கயிற்றை அவிழ்க்கப் போனேன். கப்பியில் சிக்கிக்கொண்டது. அதற்குள் உங்களில் ஒருவர் ஓடிவந்து, "தேசியக் கொடியில கை வைக்க நீ யாருய்யா?" என்று தெருவே வேடிக்கை பார்க்கக் கேட்டார். அவர் போட்டிருந்த சட்டை நான் தைத்தது.

இரவிலும் பறக்கலாம் என்று 2022-இல் விதியை மாற்றிவிட்டார்களே என்கிறீர்கள். உண்மைதான். அதற்கு முந்தைய வருஷம் பாலியஸ்டருக்கும் வழிவிட்டார்கள். கிழிந்தது பறக்கலாம் என்று மட்டும் இதுவரை யாரும் மாற்றவில்லை. சேதமான கொடியைத் தனியிடத்தில், மரியாதையோடு, முழுதாக அழித்துவிட வேண்டும், எரிப்பதே நல்லது என்றுதான் விதி இருக்கிறது. நானும் இறக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

1932 ஜனவரியில் இதோ பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கம்பத்தில் இரவோடு இரவாக ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டினார் ஆர்யா என்ற பாஷ்யம். வெள்ளைக்காரன் காவல் இருந்த காலம் அது. நம் கம்பம் இருபது அடிகூட இருக்காது, ஏற ஆள் இல்லையாம். ஆனால் வருஷா வருஷம் மைக்கில் திருப்பூர் குமரன் வந்துவிடுவார். உங்கள் பிறந்தநாள் பேனர்களில் மட்டும் இதுவரை ஒரு கிழிசல் நான் பார்த்ததில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். பணம் கேட்கவில்லை. காதிக் கடையில் புதுக்கொடி நானே வாங்கித் தருகிறேன். ஏணிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். தயவுசெய்து கிழிந்ததை இறக்க அனுமதியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை உங்களில் ஒருவராவது வந்து பக்கத்தில் நில்லுங்கள், யாரும் மறுபடி "நீ யாருய்யா" என்று கேட்காமல் இருக்க.

இப்படிக்கு,
எதிர்க்கடைத் தையல்காரன்