112 நாளில் வந்தது ஒரு குற்றமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸ்: தி ஃபர்சேக்கன் மெய்டன்’ வீடியோ கேம் பற்றி வெளியான விமர்சனத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பாகம் 2021 அக்டோபர் 28 அன்று வந்தது, இரண்டாம் பாகமான இது 2022 பிப்ரவரி 17 அன்று வந்தது. இடையில் 112 நாள். இவ்வளவு அவசரமாக வந்தது அரைவேக்காடாகத்தான் இருக்கும் என்று தங்கள் விமர்சகர் எழுதிய அந்த ஒரு வரி பத்து நாட்களாக என் மனத்தில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருக்கிறது.

நான் பாம்பனில் படகு கட்டும் தச்சன். புது அளவில் ஒரு வல்லம் கட்டுவதென்றால், அடிமரமான ஏராவுக்கு மரம் பார்த்து, விலாச்சட்டங்களான வங்குகளின் வளைவுக்கு அச்சுப்பலகை வெட்டிச் சரிபார்ப்பதற்குள்ளேயே மாதங்கள் ஓடிவிடும். அதே அச்சில் அடுத்த வல்லத்தை ஏற்றும்போது அதில் பாதிக் காலம்கூட ஆகாது. சீக்கிரம் முடிந்த வல்லம் ஒழுகும் என்று இந்தக் கரையில் எவரும் கரையில் நின்றபடி சொன்னதில்லை; தண்ணீரில் இறக்கி, அடிப்பலகையில் கைவைத்து ஈரம் பார்த்த பிறகே சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த 61 நாளுக்குள் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, இடுக்குகளில் பஞ்சு அடித்து இறக்கிக் கொடுத்தாக வேண்டும். அப்படி விரைந்து செய்த வேலையை நம்பித்தான் மனிதர்கள் கடலுக்குப் போகிறார்கள். விரைவையும் கவனக்குறைவையும் ஒன்றாக்கி எழுதினால் எனக்கு வலிக்காமல் என்ன செய்யும்?

இந்த விளையாட்டிலும் அச்சு முதல் பாகத்திலேயே வெட்டப்பட்டுவிட்டது. ஊரும் காடும் மனிதரும் பகைவரும் எல்லாமே சீட்டுகள். கவிழ்ந்து கிடக்கும் சீட்டுகள் நாம் நகர நகரத் திரும்புகின்றன. கதை முழுவதையும் ஒற்றைக் குரல் சொல்லிச் செல்கிறது. சண்டையில் முறைக்கு ஒரு மணிக்கல் சேர்கிறது, அதைச் செலவழித்துத்தான் திறன்களைப் பயன்படுத்த வேண்டும், சிலவற்றுக்குப் பகடையும் உருட்ட வேண்டும். படைப்பு இயக்குநர் யோகோ டாரோ, இசையமைப்பாளர் கெய்ச்சி ஒகாபே, ஓவியர் கிமிஹிகோ ஃபுஜிசாகா ஆகியோர் அதே அச்சில் கடலும் தீவுகளுமாக வேறொரு கதையை ஏற்றியிருக்கிறார்கள். குறைகள் இல்லாமல் இல்லை. சில அடி நகர்வதற்குள் சண்டை வந்து குறுக்கிடுகிறது. போர்முறையும் ஏறத்தாழப் பழையதே. விமர்சகர் இவற்றைச் சொன்னதில் எனக்கு வழக்கில்லை. கதாநாயகி லேட்டியை அரை வரியில் கடந்து போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த விளையாட்டின் கதைப்படி, ஒவ்வொரு தீவுக்கும் அதைக் காக்க ஒரு கன்னி வேண்டும். அழிவை எதிர்நோக்கும் தீவைச் சேர்ந்த லேட்டிக்குப் பேச்சு வராது. எல்லோருக்காகவும் ஒரே குரல் பேசும் விளையாட்டில் கதாநாயகிக்குக் குரலே இல்லை என்றால், இந்த வடிவத்தின் முழு அர்த்தமும் அங்கேதான் இருக்கிறது. கச்சான் காற்று கதவை அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஆங்கிலத்தில் ஒலித்ததைத் தமிழில் நான் சொல்லச் சொல்ல, என் தம்பி மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். கப்பல் சீட்டு கடலின் நடுவே நின்றிருக்க, அவள் விரலை எடுத்துவிட்டு, “பெரியப்பா, இந்தப் புள்ள பேசவே பேசாதா?” என்று கேட்டாள். பிறகு தானே, “அதான் நீங்க பேசுறீங்களே” என்று சொல்லிக்கொண்டு அடுத்த சீட்டைத் திருப்பினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிடிபட்டது தங்கள் விமர்சகரின் கண்ணில் படவில்லை.

தீவு அழியும் கதை தேய்ந்துபோன கதை என்றும் அவர் எழுதியிருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டுத் தப்பி வந்தவர் என் அப்பத்தா. காற்று இரையும் இரவுகளில் அவர் கடைசிவரை விளக்கை அணைக்க விட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தக் கதை எப்படித் தேயும்?

தங்கள் விமர்சனப் பக்கத்தின் மீது எனக்கு இது முதல் வருத்தமுமல்ல. பல ஆண்டுகள் எடுத்து உருவாக்கினார்கள் என்பதற்காகவே சில விளையாட்டுகளைத் தலையில் தூக்கிவைத்து எழுதினீர்கள். அவற்றில் இரண்டை வாங்கி ஏமாந்தவன் நான். வெளிநாட்டார் கொடுத்த மதிப்பெண்ணை ஒட்டியே இங்கும் மதிப்பெண் விழுகிறது என்று மூன்றாண்டுகளுக்கு முன் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தில் பாராட்டிய பாதி மட்டும் அச்சேறியது. இப்போதும், 2022 செப்டம்பர் 13 அன்று வந்த மூன்றாம் பாகமான ‘தி பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன்’ ஒரே வரியில் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

முதல் பாகத்தை விளையாடாதவருக்கு இரண்டாம் பாகம் புரியாது என்று அந்த விமர்சனத்தில் இருப்பது தவறு. மூன்றும் தனித்தனிக் கதைகள். என் தம்பி மகள் இரண்டாம் பாகத்திலிருந்துதான் தொடங்கினாள். அடுத்த இதழில் இரண்டு வரியில் இதற்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி வரும் விமர்சனங்களில், எழுதியவர் அந்த விளையாட்டை எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதையும் குறிப்பிடச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.